பாதி கழன்ற ஜாக்

பூவாரிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் ஆனவண்டியில், அதாவது கேரள அரசு பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் வந்த ஒரு பாட்டு, எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல். ஒரு வளைவில் வண்டி குலுங்கியது. பாடகர் காணாமல் போனார்.

பாட்டு நிற்கவில்லை. வயலின் கூட்டம் முன்னைவிடத் தெளிவாக இரண்டு காதுகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. கிட்டார் இருந்தது. அதுவரை நான் கவனித்தே இராத ஒரு புல்லாங்குழல் இழை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. பாடகர் நின்ற இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து அவர் குரலின் எதிரொலி மட்டும், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி, மெலிதாக வந்துகொண்டிருந்தது. ஆள் போய்விட்டார், நிழல் நிற்கிறது.

சட்டைப் பையில் கை விட்டுப் பார்த்தேன். போனில் செருகியிருந்த இயர்போன் ஜாக் ஒரு நூலளவு வெளியே வந்திருந்தது. அழுத்தினேன், பாலசுப்ரமணியம் திரும்பி வந்தார். மெதுவாக இழுத்தேன், போய்விட்டார். நெய்யாற்றின்கரை ஸ்டாண்டு வரும்வரை இதையே செய்துகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ தெரியாது. எனக்கு ஒரு பாட்டின் சட்டையைக் கழற்றி, தையல் எங்கே போகிறது என்று உள்பக்கம் பார்த்த மாதிரி இருந்தது.

விலை மலிந்த இயர்போன் வைத்திருந்த எல்லோருக்கும் இது நேர்ந்திருக்கும். ஜாக்கின் உலோகத் தண்டை உற்றுப் பார்த்தால் கறுப்பு வளையங்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பது தெரியும். நுனி இடது காதுக்கு, அடுத்த துண்டு வலது காதுக்கு. இரண்டு காதுக்கும் போன மின்சாரம் போனுக்குத் திரும்பி வருவதற்குப் பொதுவாக ஒரு துண்டு. ஜாக் சற்றே கழன்றால் இந்தப் பொது வழி அறுந்துபோகிறது. இடது பக்கம் புறப்பட்ட மின்சாரத்துக்குத் திரும்ப வழியில்லை, ஆகவே வலது பக்கத்து ஒலிப்பானின் வழியாகவே போகப் பார்க்கிறது. அங்கிருந்து வலது பக்கத்து மின்சாரம் எதிரே வருகிறது. ஓணத்துக்கு எங்கள் ஊரில் வடம் இழுப்பார்கள். இரண்டு பக்கமும் சம பலம் என்றால் வடம் நகராது. ஒரு பக்கம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவுதான் அசைவு. கழன்ற ஜாக்கிலும் அப்படித்தான்: இடதும் வலதும் ஒன்றாக இருக்கிற ஒலி அசையாமல் நின்றுவிடுகிறது, வேறுபடுகிற ஒலி மட்டும் கேட்கிறது.

பாடகரின் குரல் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றே. அதனால்தான் அவர் மறைந்தார். வயலின்கள் ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. அவை தப்பின. எதிரொலி இரண்டு பக்கமும் கொஞ்சம் வேறுவேறாகச் சிதறும்படி செய்யப்பட்டது, ஆகவே அதுவும் தப்பியது.

அப்படியானால் அந்தப் பாடகர் எங்கே நின்று பாடிக்கொண்டிருந்தார்? நம் மண்டைக்கு நடுவே, மூக்குக்கு நேராக. ஆனால் அங்கே ஒலிப்பான் எதுவும் கிடையாது. இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று, அவ்வளவுதான். நடுவில் நிற்கும் ஆளை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். பூவார் கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வலையின் இரண்டு கம்பாக் கயிறுகளையும் மணலில் எட்டி எட்டி நிற்கும் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். இரண்டு கூட்டமும் சமமாக இழுத்தால் வலை இரண்டுக்கும் நடுவே நேராகக் கரையேறும். ஒரு கூட்டம் கூடுதலாக வலித்தால் வலை அந்தப் பக்கம் சாயும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு குமிழைத் திருப்பி ஒரு கருவியை இடதுக்கும் வலதுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவது இந்தக் கணக்கில்தான்.

இந்தக் குமிழ்களை யார், எப்படித் திருப்பினார்கள் என்பதுதான் ஒரு பாட்டின் மிக்ஸ். பாடியவர், இசைத்தவர், மெட்டுப் போட்டவர் எல்லோர் பெயரும் நமக்குத் தெரியும். எது முன்னால், எது பின்னால், எது காதோரம், எது தூரத்தில் என்று முடிவு செய்த கை யாருடையது என்று நாம் கேட்பதில்லை. அந்த முடிவை மாற்றினால் பாட்டே மாறிவிடும் என்பதை எனக்குக் காட்டியது இந்தப் பாதி கழன்ற ஜாக்.

காது எப்படித் திசை பிடிக்கிறது என்பதை அறிய எங்கள் ஊரைப் போல வேறு இடம் கிடையாது. அகத்தியமலைப் பக்கத்தில் பிறந்த நெய்யாறு பூவாரில்தான் கடலைச் சந்திக்கிறது. நடுவே ஒரு மணல் திட்டு. பொழிக்கரை என்போம். அந்தத் திட்டில் தெற்கு பார்த்து நின்றால் வலது காதில் கடல், இடது காதில் ஆறு. கடல் இடைவிடாமல் அடிக்கும். ஆற்றுப் பக்கம் படகுத் துடுப்பு, காயலோரத் தென்னையில் காற்று, ஒரு நீர்க்காகம் தண்ணீரை விட்டு எழும் சத்தம். கண்ணை மூடினாலும் இரண்டும் கலப்பதில்லை. ஒரு காதை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். கடல் சட்டென்று இடமற்றதாகிவிடும். துடுப்புச் சத்தம் அலைக்குள் கரைந்துவிடும். இருந்த சத்தம் எதுவும் போகவில்லை, ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கும் வழி போய்விட்டது.

ஒலி காற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நம் தலையின் அகலம் ஒரு சாண்தான். வலப்பக்கம் எழுந்த ஒலி தலையைச் சுற்றி இடது காதுக்கு வந்து சேர, ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாக ஆகிறது. அந்த இம்மி நேரத்தை மூளை அளந்துவிடுகிறது. கீச்சுக் குரல்களுக்கு இன்னொரு வழி: தலையே ஒரு மறைப்பாக நின்று மறுபக்கத்து ஒலியைக் குறைத்துவிடும், அந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்து மூளை திசை சொல்லும். தாழ்ந்த ஒலிக்கு நேரம், உயர்ந்த ஒலிக்கு அளவு என்று இந்த இரட்டைக் கணக்கை 1907இல் எழுதி வைத்தவர் ரேலே பிரபு. வானம் ஏன் நீலம் என்று விளக்கிய அதே ரேலே.

இதைக் கருவிக்குள் கொண்டுவந்தவர் ஆலன் புளூம்லைன், இங்கிலாந்தின் இஎம்ஐ நிறுவனத்துப் பொறியாளர். பின்னாளில் தன் மனைவியானவருடன் சினிமாவுக்குப் போனபோது, நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்க அவர் குரல் வேறெங்கிருந்தோ வருவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு மைக், இரண்டு ஒலிபெருக்கி, ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலியையும் வெட்டும் இசைத்தட்டு என்று இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்வதன் முழு வரைபடமும் அதில் இருந்தது. 1934 ஜனவரியில் லண்டன் ஆபி ரோடு கூடத்தில், தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழு மோத்சார்ட்டை வாசிக்க, அதைச் சோதனையாகப் பதிவும் செய்தார். பிறகு போர் வந்தது. 1942இல் ராடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார். அவர் தட்டு கடைக்கு வர இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஸ்டீரியோ வந்ததும் எல்லோரும் அதைத் தழுவிக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று எனக்குச் சொன்னவர் பாறசாலையில் வெகுகாலம் மைக் செட் நடத்திய என் மாமா. கோயில் திருவிழா, மாதா தேவாலயக் கொடியேற்றம், கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர் கட்டாத தென்னை கிடையாது. ‘மாமா, ஸ்டீரியோ ரெக்கார்டு வந்தப்ப உங்க செட்டுலயும் ரெண்டு பக்கமும் பிரிச்சுப் போட்டீங்களா?’ என்று கேட்டேன்.

‘பிரிச்சா கெட்டுது கத. கேட்டியா மக்கா, ஒரு கோளாம்பி அம்பல நடையில, ஒண்ணு சந்தமுக்குல, ஒண்ணு ஆத்தங்கரையில. சந்தமுக்குல நிக்கப்பட்ட ஆளுக்கு வயலின் மட்டும், ஆத்தங்கரையில உள்ளவனுக்குத் தாளம் மட்டும்னா அது பாட்டா? ரெண்டு வயரையும் சேத்து ஒண்ணாக்கிதான் விடணும்.’

கோளாம்பி என்பது எச்சில் படிக்கம். அதே வடிவம் என்பதால் எங்கள் பக்கத்தில் கூம்பு ஒலிபெருக்கிக்கு அதுவே பெயராகிவிட்டது. அடித்தொண்டைச் சத்தம் அதில் வராது, ஆனால் குரல் ஒரு மைல் போகும். மாமாவின் கோளாம்பிகள் மட்டுமல்ல. மீடியம் வேவ் ரேடியோ, டீக்கடைப் பெட்டி, வள்ளத்தில் தொங்கும் டிரான்சிஸ்டர், சினிமாக் கொட்டகையின் திரைக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கி என்று ஒரு தலைமுறைத் தமிழர்கள் பாட்டைக் கேட்ட வழி எல்லாமே ஒற்றை வழி. மோனோ. அதற்கென்று கலக்கப்பட்ட பாட்டில் ஒரு கருவி இன்னொன்றின் தலையில் ஏறாமல் இருக்க இடவலம் உதவாது. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு ஒலி வந்தால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். பொழிக்கரையில் ஒரு காதைப் பொத்தியபோது துடுப்பை அலை விழுங்கியதே, அதுதான். மோனோவில் கலப்பவர் ஒவ்வொரு கருவிக்கும் அளவாலும் நேரத்தாலும் நாதத்தின் நிறத்தாலும் மட்டுமே இடம் உண்டாக்க வேண்டும். ஒற்றை ஜன்னல் வழியாக ஒரு ஊர்வலத்தையே காட்டுகிற வேலை அது.

இந்த வேலையின் உச்சம் எது என்று கேட்டால், ஆபி ரோடு கூடத்துக்கே திரும்பப் போக வேண்டும். புளூம்லைன் ஸ்டீரியோவைச் சோதித்த அதே கட்டடத்தில், 1966 நவம்பரில் தொடங்கி 1967 வசந்தம் வரை பீட்டில்ஸ் உருவாக்கிய இசைத்தட்டு ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’. ராக் இசையில் எந்தப் பட்டியலை எடுத்தாலும் மேல்வரிசையில் இருக்கும். அது ஒரே ஆண்டில் இரண்டு தட்டுகளாக வந்தது, ஒன்று மோனோ, ஒன்று ஸ்டீரியோ. மோனோவுக்குத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள், பீட்டில்ஸ் நால்வரும் கூடவே இருந்தார்கள். ஸ்டீரியோவுக்குச் சில நாள்கள்தான். பாடியவர்கள் அதற்கு வரவில்லை. அன்றைய இங்கிலாந்து வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டிகள், அதனால் அவர்களுக்கு மோனோதான் பாட்டு.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் நுணுக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நுணுக்கம் இல்லை, சில இடங்களில் அப்பட்டம். ‘ஷீ’ஸ் லீவிங் ஹோம்’ என்ற பாட்டில் ஒரு பெண் விடியற்காலையில் பெற்றோர் அறியாமல் வீட்டை விட்டுப் போகிறாள். ஹார்ப், வயலின் குடும்பத்துத் தந்திக் கருவிகள், இரண்டு குரல், அவ்வளவே. மோனோவில் ஒலிநாடாவின் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள், ஸ்டீரியோவில் கூட்டவில்லை. ஹார்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன்: மோனோவில் நாலு கட்டை, ஸ்டீரியோவில் மூன்று கட்டை. அந்த இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, ஆகவே இடைவெளி அரை ஸ்வரம். வேகத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதம். கணக்கில் சிறியது, காதில் பெரியது. ஸ்டீரியோவில் அவள் போவதை ஊரே இழவு வீட்டு மெதுவில் பார்த்துக்கொண்டிருக்கிறது. மோனோவில் அவளுக்கு வயது குறைந்துவிடுகிறது, கால்கள் விரைகின்றன, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரே நாடா, ஒரே குரல், ஒரே ஹார்ப். ஆனால் துக்கத்தின் திசை மாறிவிட்டது.

‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ மோனோவில் ஜான் லெனனின் குரல் நீரில் விழுந்த பிம்பம் போல நெளிகிறது. குரலின் ஒரு நகலை நேரத்தில் மயிரிழை பின்னே தள்ளி, அசலோடு உரசவிட்டுக் கிடைத்த விளைவு அது. ஸ்டீரியோவில் அது வெகுவாக அடங்கிக் கிடக்கிறது. முடிவுக்குச் சற்று முன் தலைப்புப் பாட்டு மறுபடி வருமே, அதன் கடைசியில் பால் மெக்கார்ட்னி கூட்டத்தைப் பார்த்துக் கூவுவது மோனோவில் தெளிவாகக் கேட்கும். ஸ்டீரியோவில் கூட்டத்துக்குள் அமுங்கிவிட்டது.

ஸ்டீரியோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ‘எ டே இன் த லைஃப்’ பாட்டில் லெனனின் குரல் வலப்பக்கம் தொடங்கி, சரணத்துக்குச் சரணம் மெல்ல இடப்பக்கம் நகர்கிறது. கரமடி வலை ஒரு கூட்டத்திடமிருந்து மறுகூட்டத்திடம் சாய்வது போல. மோனோவில் அந்த நடை கிடையாது. அங்கே அவர் நம் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்.

நம் பக்கத்து மனிதர்களும் அந்தத் தட்டில் இருக்கிறார்கள். ‘விதின் யூ வித்தவுட் யூ’ பாட்டை ஜார்ஜ் ஹாரிசன் லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். தில்ரூபா, தபலா, தம்பூரா, சுவர்மண்டல். மற்ற பீட்டில்ஸ் யாரும் அதில் வாசிக்கவில்லை. 1996இல் இதே பாட்டு குரல் இல்லாமல், வேகம் கூட்டப்படாத மூல வேகத்தில் வெளிவந்தது. அதில்தான் தில்ரூபாவைச் சரியாகக் கேட்டேன். பாடகர் போகும் வழியெல்லாம் ஒட்டியே போகிறது, ஒரு கமகத்தைக் கூட விடாமல். நம் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலின்காரர் செய்கிற வேலை. 1967 மிக்ஸில் குரலுக்குக் கீழே தரையாக இருந்தது, குரலை எடுத்ததும் ஒரு மனிதனாக எழுந்து நின்றது. பஸ்ஸில் எனக்குக் கேட்ட புல்லாங்குழல் மாதிரி.

அப்புறம் நடந்ததுதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. 1969இல் பீட்டில்ஸின் ‘ஆபி ரோடு’ இசைத்தட்டு வந்தபோது இங்கிலாந்திலேயே மோனோத் தட்டு கிடையாது. உலகம் இரண்டு பெட்டிக்கு மாறிவிட்டது. 1987இல் ‘பெப்பர்’ சிடியாக வந்தது, ஸ்டீரியோவில் மட்டும். நால்வரும் பக்கத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் கலந்த பாட்டு கடைகளிலிருந்து மறைந்து, 2009 செப்டம்பரில்தான் சிடியாகத் திரும்பி வந்தது. நடுவில் ஒரு தலைமுறை முழுக்க, அவசரத்தில் கலந்ததையே மூலம் என்று நம்பி வளர்ந்தது. 2017இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிய ஸ்டீரியோ மிக்ஸ் செய்தபோது தன் அப்பாவின் மோனோவைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். வீட்டை விட்டுப் போகும் அந்தப் பெண்ணுக்கு விரைந்த கால்களைத் திருப்பிக் கொடுத்தார்.

அவரால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், துண்டுகள் பத்திரமாக இருந்தன. ‘பெப்பர்’ நான்கு தடம் உள்ள நாடாவில் பதிவானது. நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவின் ஒன்றிரண்டு தடங்களில் ஒதுக்கி, மீதித் தடங்களில் மேலும் வாசிப்பார்கள். இப்படிக் கலந்தபின் தாளத்தையும் கிட்டாரையும் பிரிக்க முடியாது, ஆனால் கலப்பதற்கு முந்தைய நாடாக்களை அவர்கள் எறியவில்லை. ஜைல்ஸ் அந்த முதல் நாடாக்களுக்கே திரும்பிப் போனார்.

நம் பாட்டுகளுக்கு இப்படித் திரும்பிப் போக ஒரு முதல் நாடா இருந்ததா? ஐம்பது, அறுபதுகளில் சென்னைக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ஓட்டத்தில் வாசித்தார்கள். கடைசி வரியில் ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து. மைக்குகள் சிலவே. புல்லாங்குழல்காரர் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில், தபலா எவ்வளவு தள்ளி, ஷெனாய் எந்த மூலையில் என்பதுதான் மிக்ஸ். குமிழைத் திருப்புவதற்குப் பதில் நாற்காலியை நகர்த்தினார்கள். கலவை காற்றிலேயே நடந்துவிட்டது. 1964 பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ பாட்டுகளை அந்தக் கண்ணோடு கேட்டுப் பாருங்கள். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. சீர்காழி கோவிந்தராஜனின் குரல் அத்தனை பெரிய வாத்தியக் கூட்டத்தின் மேல் ஒரு கோபுரமாக நிற்கிறது, ஆனாலும் பின்னால் சாரங்கி இழைவது ஒற்றை ஜன்னல் வழியாகவே தெரிகிறது. இடமும் இல்லை, வலமும் இல்லை. முன்னும் பின்னும் இருக்கிறது. நீளவாக்கில் ஒரு உலகம். இதை ‘பழைய டெக்னாலஜி’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்த நாற்காலிகளை நகர்த்தியவர்கள் காதால் படம் வரைந்தவர்கள்.

1978இல் சுஜாதாவின் நாவலை வைத்து எஸ்.பி. முத்துராமன் எடுத்த ‘ப்ரியா’ வந்தது. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாட்டுகள் என்ற பெயர் இளையராஜாவின் அந்தப் பாட்டுகளுக்குத்தான். அதில் பாடிய யேசுதாஸ் இரண்டு ஆண்டு கழித்து, எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, திருவனந்தபுரத்தில் தரங்கிணியைத் தொடங்கினார். மலையாளமும் தமிழும் ஒரே நேரத்தில் இரண்டு காதுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனால் கொட்டகையில் படம் பார்த்தவர்களுக்கு அதே பாட்டு ஒற்றைப் பெட்டியில்தான் வந்தது, திருவிழாவில் கேட்டவர்களுக்கு மாமாவின் கோளாம்பியில். இசைத்தட்டும் இரண்டு பெட்டியும் வைத்திருந்த சில வீடுகளில் மட்டும் அந்தப் பாட்டுகள் அகலம் விரிந்தன. ஊர் முழுக்க ஒரே பாட்டை முணுமுணுத்தது. எல்லோரும் கேட்டது ஒரே மிக்ஸ் அல்ல.

பழைய மோனோப் பாட்டுகளை ஸ்டீரியோ ஆக்கி விற்கும் ஆசை பல நாடுகளில் இருந்தது. ஒரு காலத்தில் தாழ்ந்த ஒலிகளை ஒரு பக்கமும் உயர்ந்தவற்றை மறுபக்கமும் தள்ளி, நடுவில் மயிரிழை நேரத்தைத் தாமதித்து விற்றார்கள். ஒரே மனிதனின் காலை ஒரு அறையிலும் தலையை அடுத்த அறையிலும் வைத்த மாதிரி. கழன்ற ஜாக்கில் இந்தப் பொய் உடனே தெரிந்துவிடும். உண்மையான மோனோ மௌனமாகிவிடும், இது மட்டும் தகரம் தகரமாக ஏதோ பேசும்.

இப்போது வந்திருப்பது வேறு விதம். ஒரு பாட்டை நேரம் ஒரு பக்கமும் சுருதி ஒரு பக்கமுமாக விரித்து வரைந்தால் அது ஒரு படம் ஆகிவிடும். குரல் அதில் அடுக்கடுக்கான வளைந்த கோடுகள். தபலா அடி செங்குத்தான கீற்று. தம்பூரா கிடைமட்டப் பட்டைகள். தனித்தனியாகப் பதிவான ஆயிரக்கணக்கான குரல்களையும் வாத்தியங்களையும் காட்டிக் கணினியைப் பழக்கினால், கலந்து கிடக்கும் படத்தில் இந்தப் புள்ளி குரலுக்கு, இந்தப் புள்ளி வயலினுக்கு என்று அது பங்கு போட்டுக் கொடுக்கிறது. 2021இல் பீட்டர் ஜாக்சனின் ‘கெட் பேக்’ ஆவணப்படத்தில் ஒரே மைக்கில் பதிவான பேச்சையும் கிட்டாரையும் இப்படிப் பிரித்தார்கள். 2022இல் ‘ரிவால்வர்’ இசைத்தட்டையே பிரித்துப் புதிதாகக் கலந்தார்கள். 2023 நவம்பரில், லெனன் வீட்டு கேசட்டில் பியானோவோடு ஒட்டிக் கிடந்த குரலைத் தனியே எடுத்து ‘நவ் அண்ட் தென்’ வெளியானது.

அதாவது நம் நாற்காலி மிக்ஸ்களையும் இனி பிரிக்கலாம். சீர்காழியைத் தனியாக, சாரங்கியைத் தனியாக. கேட்கும்போதே மயிர் கூச்செறிகிறது, நான் மறைக்க மாட்டேன். ஒரு வாத்தியக்காரரின் பெயர் கூடத் தட்டில் அச்சாகாத காலத்தில் வாசித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்பார்கள். ஆனால் கணினி செய்வது பிரிப்பு அல்ல, ஊகம். இரண்டு ஆற்றுத் தண்ணீரைக் கலந்தபின் எது எந்த ஆறு என்று சுவையை வைத்துச் சொல்வது. குரலும் ஷெனாயும் ஒரே கோட்டில் போகும் இடத்தில் அது ஒருவருடையதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். நாற்காலிகளுக்கு நடுவே இருந்த காற்றை, அந்தக் கூடத்துச் சுவரின் பதிலை, யாருக்கும் சொந்தமில்லை என்று எறிந்துவிடவும் கூடும். செய்யட்டும், அழகாகச் செய்யட்டும். ஆனால் புதியதன் பக்கத்தில் பழைய மோனோவும் ‘இது மோனோ, இந்த ஆண்டுப் பதிவு’ என்று எழுதி இருக்க வேண்டும். 1987க்கும் 2009க்கும் நடுவே பீட்டில்ஸ் கேட்டவர்களுக்கு நேர்ந்தது நம் பிள்ளைகளுக்கு நேரக் கூடாது. இப்போதே பல செயலிகளில் பழைய பாட்டைத் தேடினால் யாரோ புதுத் தாளம் சேர்த்ததும் அகலப்படுத்தியதும் எந்தக் குறிப்பும் இல்லாமல் அசலின் பெயரிலேயே வந்து நிற்கிறது.

மாமாவிடம் இன்னும் ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டு இருக்கிறது. போன மழைக்காலத்தில் அவற்றில் சிலவற்றைக் கணினியில் ஏற்றினேன். ‘கர்ணன்’ பாட்டு உள்ள 45 சுற்றுத் தட்டும் அதில் ஒன்று. ஏற்றி முடித்து அவர் காதில் இயர்போனை மாட்டினேன், ஜாக்கைப் பாதி கழற்றினேன்.

மோனோத் தட்டில் பாட்டு முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டு ஆட்டத்தில்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி அதை இடதுக்கும் வலதுக்கும் ஒன்றாகவே கொடுக்கும். ஆகவே பாதி கழன்ற ஜாக்கில் பாட்டு அப்படியே அழிந்துவிட வேண்டும். அழிந்தது. ஆனால் தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழும் எகிற வைக்கும். அது இரண்டு பக்கமும் ஒன்றல்ல, அதனால் அழியாது. பாடகர், வாத்தியங்கள், 1964, எல்லாம் போய், தட்டின் மேல் பிற்பாடு விழுந்தவை மட்டும் கேட்டன. மழைத்தூறல் மாதிரி ஒரு பொரிச்சல். நடுவில் ஒரே சீராக டக், டக், டக்.

மாமா கண்ணை மூடிக் கேட்டார். வயர் தப்பாக முறுக்கின மாதிரி இருக்கிறது என்று சொல்வார் என நினைத்தேன். ஒரு பெட்டிக்கு பிளஸ் மைனஸ் மாறினால் குரல் குழிந்துபோகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. விரலால் அந்த டக்கோடு சேர்ந்து நாற்காலிக் கையில் தட்டினார்.

‘மக்கா, இது உனக்க அத்தை கையிலேருந்து விழுந்த தட்டாக்கும். நெய்யாற்றிங்கர உற்சவம். மழ பேஞ்சுகிட்டிருந்து. இந்தக் கீறலு வந்தபெறவும் பத்து வருசம் போட்டேன், எவனும் கண்டுபிடிக்கல்ல.’

ஜாக்கை உள்ளே அழுத்தினேன். சீர்காழி வந்தார். டக் அவருக்கு அடியில் போய் மறைந்தது. மாமா விரலை நிறுத்தவில்லை.